தேவகோட்டைத் தங்கச்சிக்கு, காட்டரிப் புகை பத்தி

தங்கச்சி, ஆபரேஷன் தியேட்டர்ல காட்டரி (மின்சாரச் சூட்டுல சதையை வெட்டி, ரத்தத்தை நிறுத்துற கருவி) போடுற நாளெல்லாம் அந்தப் புகையால தலைவலி, தொண்டைக் கரகரப்பு. டாக்டர்கிட்ட சொன்னா "வெறும் நீராவிதாம்மா"ங்கிறார்னு எழுதியிருந்தீங்க. அவர் சொன்னது முழுசா சரியில்லை. அந்தப் புகையில ஏறக்குறைய 95 சதவீதம் நீராவிதான். பென்சீன், ஃபார்மால்டிஹைடு, ஹைட்ரஜன் சயனைடு மாதிரி நச்சுப் பொருள் எல்லாம் மிச்ச 5 சதவீதத்துலதான் இருக்கு. மருவை லேசர்ல எரிக்கிறப்ப வர்ற புகையில மருவை உண்டாக்குற ஹெச்பிவி வைரஸோட டிஎன்ஏவே கிடைச்சிருக்கு. உங்க தலைவலி பிரமை இல்லை.

நீங்க போடுற சாதா மாஸ்க் எச்சில், ரத்தத் தெறிப்பைத் தடுக்கத்தான். காட்டரிப் புகைத் துகள் சராசரியா 0.07 மைக்ரான்தான், அவ்வளவு பொடிசை அது தடுக்காது. என்95 மாஸ்க் முகத்தோட ஒட்டி உட்கார்ந்தா துகள் குறையும், வாயு குறையாது. நம்ம செட்டிநாட்டுப் பக்கத்துச் சின்ன ஆபரேஷன் தியேட்டர்கள்ல ஸ்பிளிட் ஏசி மட்டும் இருந்தா, அது அதே காத்தைத்தான் சுத்த விடும்.

அதனால புகையை எழும்புற இடத்துலயே இழுக்கணும். ஸ்மோக் எவாக்குவேட்டர்னு புகையை உறிஞ்சுற மெஷின் கேளுங்க, கூச்சப்படாம கேளுங்க. அதோட முனை காட்டரி நுனியில இருந்து 5 செ.மீ.க்குள்ள இருக்கணும். அது வர்ற வரைக்கும் சக்‌ஷன் குழாயையாவது அவ்வளவு கிட்டப் பிடிங்க, நடுவுல ஒரு ஃபில்டர் போட்டு.

லேப்ராஸ்கோப்பி (வயித்துல காத்தடைச்சு, சின்னத் துளை வழியா செய்யுற ஆபரேஷன்) முடிஞ்சதும் ட்ரோக்கார்ங்கிற துளைக் குழாயோட வால்வைத் திறந்து வயித்துக் காத்தைப் புஸ்ஸுனு விடுவாங்க பாருங்க, அப்ப முகத்தைக் கிட்டக் கொண்டு போகாதீங்க. அதையும் ஃபில்டர் வழியா விடச் சொல்லுங்க.

லீவு நாள்லயும் இருமல் நிக்கலைன்னா காரைக்குடியில நெஞ்சு டாக்டரைப் பாருங்க. எந்தெந்த நாள் வந்துச்சுன்னு குறிச்சு எடுத்துட்டுப் போங்க.