மாமியாருக்குக் கேட்காமல் ஒரு மொழி

கேள்வி: நான் தனியார் மருத்துவமனை ஒன்றில் ஸ்டாஃப் நர்ஸ். வயது 29. கணவர் டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். மூன்று வயதில் ஒரு மகன். நான் டியூட்டிக்குப் போனால் மாமியார்தான் அவனைப் பார்த்துக்கொள்கிறார். ஜெர்மனிக்கு வேலைக்குப் போக வேண்டும் என்று அந்த மொழியை நானாகவே படிக்கிறேன். புத்தகம், யூடியூப் துணையோடு ஏ2 என்ற இரண்டாம் நிலை அளவுக்கு வந்துவிட்டேன். வாசித்தால் புரிகிறது, கேட்டாலும் ஓரளவு புரிகிறது. பேசத்தான் வரவில்லை. எங்கள் பக்கத்தில் ஜெர்மன் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. மாமியாருக்கு இன்னும் விஷயம் தெரியாது, சான்றிதழ் வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று இருக்கிறோம். அவர் பக்கத்து அறையில் படுப்பதால் இரவில் இயர்போன் போட்டுக்கொண்டு சத்தம் வராமல் வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்க்கிறேன். பேச ஆளில்லாமல் அடுத்த நிலையான பி1 தேர்வை எழுத முடியுமா?

– வாசகி, பெரம்பலூர் மாவட்டம்

பதில்: ஜெர்மன், ஜப்பானிய மொழி, பிரெஞ்சு என்று எதைப் படிப்பவர்கள் எழுதினாலும் 'பேச ஆளில்லை' என்ற வரி தவறாமல் வந்துவிடுகிறது. உங்கள் கடிதத்தில் நான் நின்றுவிட்ட இடம் வேறு. 'சத்தம் வராமல் வாய்க்குள்ளேயே' என்று போகிற போக்கில் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். உங்களுக்குப் பேச்சு வராததற்குக் காரணம் அங்கேதான் இருக்கிறது. ஊரில் ஜெர்மன்காரர் இல்லாததைக் குறை சொல்லிப் பயனில்லை. நீங்கள் இதுவரை அந்த மொழியை ஒரு நாளாவது வாய்விட்டுப் பேசியிருக்கிறீர்களா?

பேசாததற்கு என்ன காரணம்? பக்கத்து அறையில் மாமியார். அவருக்குத் தெரியக் கூடாது.

அம்மா, இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நீங்கள் நைட் டியூட்டிக்குப் போகும்போது பிள்ளையைத் தூங்க வைப்பவர் அவர். நாளை நீங்கள் விமானம் ஏறினால் அந்தப் பிள்ளை சாப்பிடுவதும் காய்ச்சலில் படுப்பதும் அவர் மடியில்தான். உங்கள் திட்டம் முழுவதும் யார் தோளில் நிற்கிறதோ, அவரிடம் மட்டும் சொல்லவில்லை. இதைத் தப்பு என்று சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை.

சான்றிதழ் வந்ததும் சொல்வோம் என்கிறீர்கள். எந்தச் சான்றிதழ்? பி1 வந்தால் வேலை முடிந்துவிடாது. நர்ஸாக முழு அங்கீகாரம் கொடுக்க அங்கே பொதுவாக அதற்கும் மேல் நிலையான பி2 கேட்கிறார்கள். அப்புறம் உங்கள் படிப்பை அந்நாட்டு நர்ஸிங் படிப்போடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். குறை இருந்தால் அங்கே போய்ப் பயிற்சி எடுக்க வேண்டும், அல்லது தனித் தேர்வு எழுத வேண்டும். அது முடியும்வரை உதவியாளர் நிலையில்தான் வேலை. கணவரையும் குழந்தையையும் அழைத்துக்கொள்வதற்கு வேறு விசா, வேறு காகிதங்கள். வருடக்கணக்கில் நீளக்கூடிய காரியம் இது. 'அப்புறம் சொல்லலாம்' என்பது தள்ளிக்கொண்டே போய் டிக்கெட் கைக்கு வரும் நாளில்தான் முடியும். அன்றைக்குச் சொன்னால் பெரியவரை மதித்துக் கேட்டதாக ஆகாது. எல்லாம் முடிந்தபின் தகவல் கொடுத்ததாகத்தான் ஆகும்.

உங்கள் கணவரும் இதைப் படிக்க வேண்டும். பெற்ற தாயிடம் பேச வேண்டியவர் அவர். மனைவியை முன்னால் நிறுத்திவிட்டு ஒர்க்‌ஷாப்புக்குக் கிளம்பிவிடக் கூடாது.

சரி, இப்போது மொழிக்கு வருகிறேன்.

ஹைன்ரிக் ஷ்லீமன் (1822–1890) என்று ஒரு ஜெர்மானியர் இருந்தார். பழங்கால டிராய் நகரைத் தோண்டிப் புகழ்பெற்றவர். அதற்கு முன் வியாபாரி. ஆம்ஸ்டர்டாமில் வேலை பார்த்த இளவயதில் ரஷ்ய மொழி படிக்க ஆசைப்பட்டார். சொல்லித்தர ஆள் கிடைக்கவில்லை. ஒரு பழைய இலக்கணப் புத்தகம், ஓர் அகராதி, ஒரு கதையின் மோசமான ரஷ்ய மொழிபெயர்ப்பு, அவ்வளவுதான் கைவசம் இருந்தது. மனப்பாடம் செய்ததை ஒப்பிக்க எதிரே ஒருவர் இருந்தால் வேகமாக வரும் என்று தோன்றவே, ஓர் ஏழையைக் கூலிக்கு அமர்த்தினார். தினமும் மாலையில் இரண்டு மணி நேரம் வந்து உட்கார்ந்து கேட்பது அவர் வேலை. அந்த மனிதருக்கு ரஷ்ய மொழியில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. இவர் உரக்க ஒப்பித்த சத்தம் தாங்காமல் குடியிருந்தவர்கள் புகார் சொல்ல, இரண்டு முறை வீடு மாற வேண்டியிருந்ததாம். ஆறு வாரத்தில் ரஷ்ய மொழியில் முதல் வியாபாரக் கடிதம் எழுதியதாகத் தன் வாழ்க்கைக் குறிப்பில் சொல்கிறார். அந்த வேகம் எல்லோருக்கும் வாய்க்காது. ஆனால், மொழி தெரியாதவர் எதிரே உட்கார்ந்து கேட்டாலும் பேச்சு வளரும் என்று கண்டுகொண்டாரே, அதுதான் உங்களுக்கு வேண்டியது. அவர் கூலி கொடுத்து வைத்துக்கொண்ட ஆள் உங்களுக்குப் பக்கத்து அறையிலேயே இருக்கிறார். அவருக்குத் தெரியாமல்தான் நீங்கள் போர்வைக்குள் படிக்கிறீர்கள்.

ஊசி போட எப்படிக் கற்றீர்கள்? புத்தகத்தில் படத்தைப் பார்த்தா? கை பழகித்தானே வந்தது. நாக்கும் உதடும் அப்படித்தான். 'ஈ' என்று சொல்லிக்கொண்டே உதட்டை 'ஊ'வுக்குக் குவித்தால் ஓர் ஒலி வரும். தமிழில் இல்லாத அந்த ஒலி ஜெர்மனில் அடிக்கடி வருகிறது. சத்தம் வெளியே வந்தால்தான் உங்கள் காது அதைக் கேட்டுத் திருத்தும். இன்னொன்று, ஜெர்மனில் துணை வாக்கியங்களில் வினைச்சொல் கடைசிக்குப் போய்விடும். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள் இதில் திணறுவார்கள். தமிழ் பேசும் நமக்கு வினை கடைசியில் வருவது பிறந்ததிலிருந்து பழக்கம். அந்த வசதியும் வாய்விட்டுச் சொல்லிப் பழகினால்தான் உதவும்.

ஜெர்மன் மொழித் தேர்வு நடத்தும் கோதே இன்ஸ்டிடியூட்டின் பி1 தேர்வில் வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் 100 மதிப்பெண், 60 எடுத்தால் தேர்ச்சி. ஒவ்வொரு பகுதியையும் தனியாகவும் எழுதலாம். பேச்சில் தவறிவிட்டால் அதை மட்டும் மறுபடி எழுதினால் போதும். பேச்சுத் தேர்வு ஏறக்குறைய 15 நிமிடம், பெரும்பாலும் இரண்டு பேராக. முதலில் இருவரும் சேர்ந்து ஏதாவது ஒன்றைத் திட்டமிட வேண்டும். அடுத்து, கொடுத்த தலைப்பில் தனியாகப் பேச வேண்டும். தலைப்பை அறிமுகம் செய்து, உங்கள் அனுபவம், நம் நாட்டு நிலைமை, நல்லது கெட்டது, உங்கள் கருத்து என்று சொல்லி முடிக்க வேண்டும். கடைசியாக ஒருவர் பேச்சைப் பற்றி மற்றவர் கருத்தும் கேள்வியும் சொல்ல வேண்டும். நடுவில் வரும் அந்தத் தனிப் பேச்சுக்கு ஜெர்மன் தெரிந்த துணை எதற்கு? மாதிரித் தேர்வுத் தாள்கள் அவர்கள் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரு தலைப்பை எடுத்துக்கொண்டு எழுந்து நின்று மாமியாரிடமும் மகனிடமும் பேசுங்கள். பையன் நடுவில் சிரிப்பான், கையைப் பிடித்து இழுப்பான். பேச்சை நிறுத்தாதீர்கள். செல்போனில் பதிவு செய்து மறுநாள் நீங்களே கேளுங்கள்.

டாய்ச்ச வெல்ல என்ற ஜெர்மன் ஒலிபரப்பு நிறுவனம், மொழி படிப்பவர்களுக்காகவே செய்திகளை மெதுவாக வாசித்து, எழுத்து வடிவத்தையும் சேர்த்துத் தருகிறது. ஒரு வாக்கியம் கேட்டதும் நிறுத்தி, அதே ஏற்ற இறக்கத்தோடு திருப்பிச் சொல்லுங்கள். இதைச் சமையலறையில் செய்யலாம், துணி மடிக்கும்போது செய்யலாம். கூடவே, உங்கள் மருத்துவமனையிலோ, உங்களோடு படித்தவர்களிலோ இதே தேர்வுக்குத் தயாராகும் ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். பேச்சுத் தேர்வில் இருவர் சேர்ந்து திட்டமிடும் முதல் பகுதிக்கு அவர் போதும். தேர்வு நெருங்கும்போது மட்டும், காசு கொடுத்தாவது வீடியோ அழைப்பில் ஓர் ஆசிரியரிடம் பேசித் தப்புகளைத் திருத்திக்கொள்ளுங்கள். முதலிலேயே அதற்குச் செலவழிக்க வேண்டாம்.

பணம் என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். 'மொழியும் நாங்களே, விசாவும் நாங்களே' என்று லட்சக்கணக்கில் கேட்கும் கன்சல்டன்சிக்கு நகையை அடகு வைத்துவிடாதீர்கள். வெளிநாட்டு வேலைக்கென்றே தமிழக அரசு 1978-ல் தொடங்கிய அயல்நாட்டு மனிதவள நிறுவனம் இருக்கிறது. முதலில் அங்கே விசாரியுங்கள்.

விஷயம் தெரிந்தால் மாமியார் கோபப்படலாம். அழலாம். 'இந்த வயசுல என்னால முடியாது' என்றும் சொல்லலாம். அப்படிச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு. முடியாது என்றால், குழந்தைக்கு வேறு என்ன ஏற்பாடு என்று நீங்களும் கணவரும் யோசிக்க வேண்டியதுதான். உங்கள் பெற்றோர் பார்த்துக்கொள்வார்களா, அல்லது மகன் பள்ளிக்குப் போகும்வரை பயணத்தைத் தள்ளிவைப்பதா என்று பேசி முடிவெடுங்கள். உங்கள் ஆசையை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. நர்ஸ் வேலைக்கு இங்கே என்ன சம்பளம் கொடுக்கிறார்கள் என்று எனக்கும் தெரியும். நீங்கள் போக நினைப்பதில் ஒரு தப்பும் இல்லை.

இந்த வாரம் உங்களுக்கு டியூட்டி இல்லாத ஒரு மாலையில், கணவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு மாமியாரிடம் எல்லாவற்றையும் சொல்லுங்கள். எத்தனை வருடம் ஆகும், எவ்வளவு செலவு, யார் குழந்தையைப் பார்ப்பது என்று மறைக்காமல் சொல்லுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். அதுவரை பி1-க்குப் பணம் கட்ட வேண்டாம்.