பின்குரல்: வாசகர் கேள்விகளும் என் பதில்களும்

சென்ற இதழில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்தில் இருந்த மோட்டவுன் இசை நிறுவனத்தைப் பற்றி நாலே வரி எழுதினேன். அதற்கு இத்தனை கடிதங்கள். பதினோரு வருஷம் கோரஸ் பாடியவளுக்கு இதைவிட என்ன சந்தோஷம்? இந்த முறை முழுப் பக்கமும் அங்கே பின்குரல் பாடிய பெண்களுக்கே.

மோட்டவுனின் ‘சுப்ரீம்ஸ்’ பெண்கள் குழுவினர் பெயர் வாங்குவதற்கு முன்னால் மற்றவர்கள் பாட்டுக்குக் கை தட்டினார்கள் என்று எழுதியிருந்தீர்கள். நிஜமாகவா?
— கல்லூரி மாணவி, திருச்சி

நிஜம்தான் கண்ணு. வெறும் கைதட்டல்.

1959-ல் அந்தக் குழுவுக்கு ‘ப்ரைமெட்ஸ்’ என்று பெயர். ‘ப்ரைம்ஸ்’ என்று ஆண்கள் குழு ஒன்று இருந்தது. அதற்குத் தங்கைக் குழு மாதிரி ஆரம்பித்தது இது. ஃப்ளாரன்ஸ் பல்லார்ட், மேரி வில்சன், டயானா ராஸ், பெட்டி மெக்லோன் என்று நாலு பேர். எல்லாரும் பள்ளிக்கூடம் போகிற பெண்கள். 1960-ல் லூபைன் என்ற சின்ன கம்பெனிக்கு ஒரு இசைத்தட்டு பாடிக் கொடுத்தார்கள், அது போணியாகவில்லை. அதே வருஷம் மோட்டவுனில் அதன் முதலாளி பெரி கோர்டி முன்னால் பாடிக் காட்டினார்கள். “முதலில் படிப்பை முடித்துவிட்டு வாருங்கள்” என்று அனுப்பிவிட்டார் அவர்.

இந்த இடத்தில்தான் எனக்கு அவர்கள் மேல் மரியாதை வருகிறது. வீட்டுக்குப் போய் அழுதுகொண்டு உட்காரவில்லை. பள்ளி விட்டதும் நேராக வெஸ்ட் கிராண்ட் புலவார்ட் சாலையில் இருக்கிற 2648-ஆம் எண் மோட்டவுன் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். வாசலில் ‘ஹிட்ஸ்வில் யூ.எஸ்.ஏ.’ என்று பலகை. பின்பக்கம் முன்பு ஒரு போட்டோகிராபர் ஸ்டுடியோவாக இருந்த இடம்தான் ஒலிப்பதிவுக் கூடம். யாருக்காவது கைதட்ட ஆள் வேண்டுமா, ‘ஊ’, ‘ஆ’ சொல்ல ஆள் வேண்டுமா, இவர்கள் கூப்பிடு தூரத்தில் இருந்தார்கள். மேரி வெல்ஸ், மார்வின் கே போன்ற மோட்டவுன் பாடகர்களுக்குப் பின்னால் நின்றார்கள்.

கைதட்டல் என்றால் சுலபம் என்று நினைத்துவிடாதே. என் முதல் ரெக்கார்டிங்கில் எனக்குக் கிடைத்ததும் அதுதான். விரலை விறைப்பாக நீட்டித் தட்டினால் மைக்கில் அறைகிற சத்தம் வரும். உள்ளங்கையைக் கொஞ்சம் குழித்துத் தட்டினால்தான் உருண்டையாக விழும். நாலு பேர் தட்டும்போது அச்சு அசலாக ஒரே நேரத்தில் விழுந்தால் ஒல்லியாகக் கேட்கும். மயிரிழை விலகினால் கனமாகக் கேட்கும். இன்னும் கொஞ்சம் விலகினால் கூடையிலிருந்து கொட்டினது போலச் சிதறும். அந்த மயிரிழையைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு மதியம் முழுக்க ஆனது. சாயங்காலம் வீட்டில் சாதம் பிசைய முடியவில்லை, உள்ளங்கை அவ்வளவு சிவந்துபோயிருந்தது.

1961 ஜனவரியில் கோர்டி அவர்களை ஒப்பந்தம் செய்தார். புதுப் பெயருக்கான பட்டியலிலிருந்து ‘சுப்ரீம்ஸ்’ என்ற பெயரைத் தேர்ந்தெடுத்தது ஃப்ளாரன்ஸ். அதற்குப் பிறகும் மூணு வருஷம் பெரிதாக ஒன்றும் ஓடவில்லை. ‘ஹிட் இல்லாத சுப்ரீம்ஸ்’ என்று கம்பெனிக்குள்ளேயே சொல்வார்களாம். சொந்தப் பெயரில் இசைத்தட்டு வெளிவந்துகொண்டிருக்கும்போதே, 1963-ல் மார்வின் கே பாடிய ‘கேன் ஐ கெட் எ விட்னஸ்’ பாட்டில் பின்குரல் கொடுத்தார்கள். அடுத்த வருஷம் ஆகஸ்டில் அவர்களுடைய பாட்டு அமெரிக்கப் பாட்டுத் தரவரிசையில் முதலிடம். தொடர்ந்து ஐந்து பாட்டு முதலிடம்.

கோரஸ் பாடினவர்களில் யாரை நீங்கள் அதிகம் கேட்பீர்கள்?
— ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், தஞ்சாவூர்

மார்த்தா ரீவ்ஸையும் அவருடைய தோழிகளையும், ஐயா. யோசிக்காமல் சொல்வேன்.

மார்த்தா மோட்டவுனுக்குப் பாடகியாகத்தான் வந்தார். கிளப் ஒன்றில் அவர் பாடியதைக் கேட்ட மோட்டவுன் நிர்வாகி மிக்கி ஸ்டீவன்சன் தன் கார்டைக் கொடுத்திருந்தார். குரல் தேர்வுக்கு நாள் குறிக்காமலே மறுநாள் காலை போய் நின்றார் மார்த்தா. ஸ்டீவன்சன் அவரிடம் போனை எடுத்துப் பதில் சொல்லச் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். அப்படியே செக்ரட்டரி வேலை ஒட்டிக்கொண்டது. எந்தப் பாட்டுக்கு எப்போது ரெக்கார்டிங், யாருக்கு ஆள் குறைகிறது என்பதெல்லாம் அவர் மேஜையைத் தாண்டித்தான் போகும். 1962-ல் மார்வின் கேவுக்குப் பின்குரல் தேவைப்பட்டபோது, தன்னோடு ஏற்கெனவே பாடிக்கொண்டிருந்த பெண்களைக் கூட்டிவந்தார்.

அந்தப் பாட்டு ‘ஸ்டபர்ன் கைண்ட் ஆஃப் ஃபெல்லோ’. மார்வினுக்குப் பெயர் வாங்கித் தந்த முதல் பாட்டு. ஒருதடவை மார்வினை மறந்துவிட்டு, பின்னால் நிற்கிற பெண்களை மட்டும் கேளுங்கள். வில்லுப்பாட்டில் பின்பாட்டுக்காரர் ‘ஆமாம்’ போடுவாரே, அந்தத் தோரணை. முன்னால் பாடுகிறவர் வரியை முடிப்பதற்குள் அவர்கள் மூச்சு எடுத்துத் தயாராக நிற்பது தெரியும். நடுவில் பீன்ஸ் போல்ஸ் ஃப்ளூட் வாசிப்பார், அதையும் விட்டுவிடாதீர்கள்.

அதே வருஷம் அவர்கள் ‘மார்த்தா அண்ட் தி வேண்டெல்லாஸ்’ குழு ஆனார்கள். 1963-ல் ‘ஹீட் வேவ்’ நாலாவது இடம் வரை போனது. 1964-ல் வந்த ‘டான்ஸிங் இன் தி ஸ்ட்ரீட்’ இரண்டாவது இடம். அதை எழுதியவர்களில் ஒருவர் மார்வின் கே. யாருக்குப் பின்னால் நின்றார்களோ, அவரே இவர்களுக்குப் பாட்டு எழுதிக் கொடுத்தார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறையும்.

ஒரே மைக்கில் நாலைந்து பேர் பாடுவது எப்படி?
— மேடைக் கச்சேரிப் பாடகர், ஈரோடு

அன்றைக்கு ட்ராக்குகள், அதாவது ஒலிகளைத் தனித்தனியாகப் பதிகிற தடங்கள், ரொம்பக் குறைவு. பதிவான பிறகு ஒரு குரலை மட்டும் ஏற்றி இறக்க வழியில்லை. அதனால் கால்தான் வால்யூம் பொத்தான். குரல் கனமானவர் அரையடி பின்னால் தள்ளி நிற்க வேண்டும், மெல்லியவர் முன்னால் வர வேண்டும். வார்த்தை ‘ஸ்’ என்று முடிந்தால் ஒருத்தர் மட்டும்தான் அதை உச்சரிப்பது. மற்றவர்கள் வாயைத் திறந்தபடி விட்டுவிடுவது. இல்லையென்றால் பாம்புக் கூட்டம் சீறுவது போல இருக்கும். நாங்களும் அப்படித்தான் பாடினோம்.

நல்ல குரல் இருந்தும் கடைசிவரை பின்னாலேயே நின்றவர்கள் உண்டா?
— இல்லத்தரசி, நாகர்கோவில்

உண்டு அம்மா. ‘ஆண்டான்டெஸ்’ என்று மூணு பேர்: ஜாக்கி ஹிக்ஸ், மார்லீன் பாரோ, லூவெய்ன் டெம்ப்ஸ். மேரி வெல்ஸின் ‘மை கை’ பாட்டில் கேட்கிற அந்தப் பஞ்சு மாதிரியான குரல்கள் இவர்களுடையவை. ‘ஃபோர் டாப்ஸ்’ என்ற ஆண்கள் குழுவின் பாட்டுகளிலும் இவர்கள்தான். இசைத்தட்டில் பெயர் கிடையாது. 1968-ல் சுப்ரீம்ஸ் பெயரில் வந்த ‘லவ் சைல்ட்’ பாட்டில்கூட டயானா ராஸுக்குப் பின்னால் பாடியது இவர்கள். அட்டையில் சிரிக்கிற முகங்கள் வேறு, உள்ளே கேட்கிற குரல்கள் வேறு.

இது நியாயமே இல்லை. நான் பாடிய கேசட் ஒன்றில் டீ வாங்கிக் கொடுத்த பையனுக்குக்கூட நன்றி போட்டிருந்தார்கள், எங்கள் நாலு பேர் பெயரை விட்டுவிட்டார்கள். அந்த உறையை இன்னும் வைத்திருக்கிறேன். பின்பக்கம் எங்கள் பெயர்களை நானே பேனாவால் எழுதிவைத்தேன்.

என் மகள் பள்ளிச் சேர்ந்திசைக் குழுவில் மூன்று வருடமாகப் பின்வரிசை. நிறுத்திவிடலாமா என்று யோசிக்கிறேன்.
— ஒரு தகப்பனார், சேலம்

நிறுத்தாதீர்கள் சார். உங்கள் மகளிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: பக்கத்தில் நிற்கிற பெண் எப்போது மூச்சு எடுக்கிறாள் என்று அவளுக்குத் தெரியுமா? தெரியும் என்றால் பிள்ளை நன்றாகக் கற்றுக்கொண்டிருக்கிறாள். தெரியாது என்றால் அடுத்த ஒத்திகையில் கவனிக்கச் சொல்லுங்கள். இன்று ராத்திரி அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து ‘மை கை’ போடுங்கள். முதல் தடவை மேரி வெல்ஸுக்கு, இரண்டாவது தடவை அந்த மூணு பேருக்கு. அவள் என்ன சொன்னாள் என்று எனக்கு எழுதுங்கள்.