அனோரெக்சியா ஆண் பிள்ளைகளுக்கும் வருமா? என் மகனுக்கு வந்தது

“என் அக்கா மகனுக்குப் பதினைந்து வயது. நாலைந்து மாதங்களில் பாதியாக இளைத்துவிட்டான். படித்துப் பார்த்தால் அனோரெக்சியா நெர்வோசா போலத் தெரிகிறது. ஆனால் அது பெண்களுக்குத்தானே வரும்?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே போகும் மனநோய் அது. ஆண் பிள்ளைகளுக்கும் வரும். என் மகன் பத்தாம் வகுப்பில் இருந்தபோது வந்தது. நாங்கள் கண்டுபிடிக்க எட்டு மாதம் ஆனது. அந்த எட்டு மாதமும் அவனை எல்லோரையும்விட அதிகமாகப் பாராட்டியவன் நான்தான்.

அவன் ஒருநாளும் “ஒல்லியாக வேண்டும்” என்று சொன்னதில்லை. சிறு வயதில் பூசினாற்போல இருப்பான். பள்ளியில் “குண்டா” என்று கூப்பிட்டிருக்கிறார்கள். “உடம்பில் கொழுப்பே இருக்கக் கூடாது, வயிற்றில் தசை தெரிய வேண்டும்” என்பதுதான் அவன் பேச்சு. முதலில் இனிப்பை நிறுத்தினான், பிறகு எண்ணெயை, பிறகு சோற்றை. நாலரை மணிக்கு எழுந்து ஓடினான். தெருவே அவனைத் தம் பிள்ளைகளுக்கு உதாரணம் காட்டியது. காய்ச்சல் அடித்த ஒருநாள் ஓடக் கூடாது என்று தடுத்தேன். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் குதித்துக்கொண்டிருந்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி மடிக்கும்போது அவன் பெல்ட் கையில் கிடைத்தது. கடையில் போட்டுக்கொடுத்த துளைகளைத் தாண்டி, ஜியோமெட்ரி பெட்டியின் காம்பஸ் முனையால் குத்திய ஐந்து துளைகள். கடைசித் துளையின் விளிம்பில் தோலின் தூள் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அன்றைக்குத்தான் பயந்தேன்.

முதலில் பார்த்த மருத்துவர் காசநோயைத் தேடினார். பிறகு தைராய்டு, சர்க்கரை, குடற்புழு. தேட வேண்டியவைதான். எதிலும் ஒன்றும் இல்லை. நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 44 என்று வந்தபோது, “ஓடுகிற பையன், அப்படித்தான் இருக்கும்” என்றார். பாட்டி திருஷ்டி சுற்றிப் போட்டார். சாப்பாட்டை நினைத்தால் உனக்கு என்ன தோன்றுகிறது என்று அவனிடம் ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

பிறகு படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. ரிச்சர்ட் மார்ட்டன் என்ற லண்டன் மருத்துவர் 1689-இல் வெளியிட்ட நூலில் இந்நோய் போன்ற இரண்டு பேரை விவரிக்கிறார். ஒருத்தி 18 வயதுப் பெண், மற்றவன் 16 வயதுப் பையன், ஒரு பாதிரியாரின் மகன். அதுவும் காசநோயைப் பற்றிய நூல்தான். நோய்க்கு இன்றைய பெயரைத் தந்த வில்லியம் கல்லும் 1874-இல், ஆண்களிடமும் எப்போதாவது பார்த்திருப்பதாக எழுதினார். அப்படியிருந்தும், அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் மாதவிடாய் நிற்பது ஓர் அடையாளமாக 2013 வரை இருந்தது. ஆண் பிள்ளையை அந்த அளவுகோலில் எங்கே வைப்பது? 2007-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், வாழ்நாளில் இந்நோய் வந்தவர்கள் பெண்களில் 0.9 சதவீதம், ஆண்களில் 0.3 சதவீதம். நோய்ப்பட்ட நால்வரில் ஒருவர் ஆண் என்று அர்த்தம்.

அவன் சாப்பிடாமல் தங்கைக்கு நெய் தோசை வார்த்துக்கொடுப்பான், தட்டு காலியாகும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருப்பான். இரவெல்லாம் சமையல் வீடியோ பார்ப்பான். இது எனக்குப் புரியவே இல்லை. 1944-45-இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர் 36 ஆரோக்கியமான இளைஞர்களுக்கு ஆறு மாதம் அரைகுறை உணவு கொடுத்துச் செய்த சோதனையைப் பற்றி அறிந்தபோதுதான் விளங்கியது. அத்தனை பேரும் ஆண்கள். அவர்களில் சிலர் சமையல் புத்தகம் சேர்த்தார்கள். குளிரில் நடுங்கினார்கள், எரிந்து விழுந்தார்கள், நாடி மந்தமானது. மே மாத வெயிலில் என் மகன் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததும் பட்டினியின் வேலைதான். பையன்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் குறையும். பருவ வளர்ச்சி நின்றுபோகும், எலும்பு பலவீனமாகும். முன்பு பருமனாக இருந்த பையன் என்றால் எடை பார்வைக்குச் சரியாகவே தெரியலாம், உள்ளே இதயம் தடுமாறிக்கொண்டிருக்கும்.

இரண்டாவதாகப் பார்த்த மனநல மருத்துவர்தான் நோயின் பெயரைச் சொன்னார். லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் உருவான முறைப்படி, எதை எவ்வளவு சாப்பிடுவது என்ற முடிவை அவனிடமிருந்து நாங்கள் எடுத்துக்கொண்டோம். என் மனைவி பரிமாறுவார், நான் பக்கத்தில் உட்காருவேன். ஒரு இட்லிக்கு முக்கால் மணி நேரம் ஆன நாட்கள் உண்டு. தட்டைத் தள்ளிவிட்டு, “உங்களுக்கு என்னைப் பிடிக்கவில்லை, அப்பா” என்று அழுதான். எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தோம். ஒன்றரை வருடம் ஆயிற்று.

உங்கள் அக்காவிடம் சொல்லுங்கள், இந்த வாரமே மருத்துவரிடம் காட்டட்டும். படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் நாடியும் ரத்த அழுத்தமும், இசிஜி, ரத்தத்தில் பொட்டாசியம், பாஸ்பேட் போன்ற உப்புகளின் அளவு எல்லாம் பார்க்க வேண்டும். அதற்கு முன் பதறிப்போய் நிறைய ஊட்டிவிட வேண்டாம். வெகுநாள் பட்டினி கிடந்த உடம்புக்குத் திடீரென்று உணவு போனால் பாஸ்பேட் சரிந்து உயிருக்கே ஆபத்தாகும். மயக்கம் போட்டாலோ நெஞ்சு படபடத்தாலோ நேரே அவசர சிகிச்சைக்குப் போகட்டும். யாரைப் பார்ப்பது என்று தெரியாவிட்டால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ அழைக்கலாம், தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. மருத்துவர் முன்னால் உட்கார்ந்ததும் “பையன் இளைத்துவிட்டான்” என்று ஆரம்பிக்காமல், “பையன் சாப்பிடப் பயப்படுகிறான்” என்று ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.