ஃபிரான்சுவாஸ் ஆர்டி – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கொலோனில் வேலை பார்க்கிறேன். குளிர்காலத்தில் 'மூன்ரைஸ் கிங்டம்' படம் பார்த்தேன். கடற்கரையில் பையனும் பெண்ணும் பேட்டரி ரெக்கார்டு பிளேயரை வைத்துக்கொண்டு ஆடும்போது ஒரு பிரெஞ்சுப் பாட்டு வருமே, அதைப் பாடியவர் ஃபிரான்சுவாஸ் ஆர்டி என்று தேடிக் கண்டுபிடித்தேன். அன்றிலிருந்து வேறெதுவும் காதில் ஏறவில்லை. ஆனால் செயலியில் அவர் பெயரைப் போட்டால் ஐம்பது தொகுப்புகள் வருகின்றன, எல்லாவற்றிலும் அதே பத்துப் பாட்டு. அடுத்து எதைக் கேட்பது? பிரெஞ்சில் எனக்கு ஒரு சொல்லும் தெரியாது. இங்கே பழைய சாமான் சந்தையில் 'பீட்டர் உண்ட் லூ' என்று ஜெர்மனில் ஒரு சின்ன ரெக்கார்டு கிடைத்தது. அது அவர் குரல்தானா, டப்பிங்கா? ரெக்கார்டு வாங்குவதென்றால் எதைப் பார்த்து வாங்க வேண்டும்? நல்ல கச்சேரிப் பதிவு ஒன்றும் சொல்லுங்கள். செத்துப்போன பாட்டியின் பாட்டைக் கேட்கிறாய் என்று அறைத்தோழர்கள் கிண்டல் செய்கிறார்கள். அதற்குப் பதில் வேண்டாம், மற்றதற்குப் போதும்.

எஸ்., கொலோன்

அன்புள்ள எஸ்.,

முதலில் அந்த ஐம்பது தொகுப்புகள். அவை பெருகியதற்குக் காரணம் பதிப்புரிமைச் சட்டத்தில் இருக்கும் ஒரு தேதி. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒலிப்பதிவுக்கான உரிமை முன்பெல்லாம் 50 ஆண்டுகள்தான். 2013 நவம்பருக்குள் அதை 70 ஆக்கினார்கள். ஆனால் அதற்கு முன்பே காலாவதி ஆனவற்றை மீட்டுத் தரவில்லை. 1962-ல் வெளியான பதிவுகளின் உரிமை 2012 டிசம்பரோடு முடிந்துபோயிற்று. 1963-ல் வந்தவை மயிரிழையில் தப்பின. ஆர்டியின் முதல் ரெக்கார்டு வெளிவந்த ஆண்டு 1962! எனவே அந்த ஆண்டுப் பதிவுகளை எந்தக் கம்பெனி வேண்டுமானாலும் எடுத்து, அட்டைப் படத்தை மாற்றி விற்கலாம். பாட்டு எழுதியவர்களுக்கான ராயல்டி தனி. நீங்கள் கேட்ட 'ல தான் த லமூர்' 1962-ன் பாட்டு. 'தூ லே கார்ஸோன் ஏ லே ஃபீய்' அதே ஆண்டு. செயலி உங்களிடம் திரும்பத் திரும்ப நீட்டுவது பதினெட்டு வயது ஆர்டியை. அவர் கடைசி ஆல்பம் போட்டது 2018-ல், 74 வயதில்.

ஆகவே கலைஞர் பக்கத்தில் 'பிரபலமானவை' வரிசையை நம்பாதீர்கள். ஆல்பத்தின் அடியில் உரிமையாளர் பெயர் சின்ன எழுத்தில் இருக்கும், அதைப் பாருங்கள். கேள்விப்படாத கம்பெனி, இருபது முப்பது பாட்டு, 1962 தாண்டாத பட்டியல் என்றால் தள்ளிவிடுங்கள். பக்கத்தில் போட்டிருக்கும் ஆண்டு பெரும்பாலும் மறுவெளியீட்டின் ஆண்டு, அதுவும் உதவாது.

இன்னொரு குழப்பமும் உண்டு. அறுபதுகளில் வோக் கம்பெனி போட்ட அவருடைய ஆல்பங்களுக்குப் பெரும்பாலும் தலைப்பே கிடையாது. அட்டையில் பாடகியின் பெயர் மட்டும் இருக்கும். ரசிகர்கள் உள்ளே இருக்கும் பெயர்பெற்ற பாட்டைச் சொல்லி அந்த ஆல்பத்தை அடையாளம் காட்டுவார்கள். ஒரே ஆல்பம் நாட்டுக்கொரு பெயரிலும் வரும். அமெரிக்காவில் 1965-ல் 'தி யே-யே கேர்ள் ஃப்ரம் பாரிஸ்' என்று விற்றது அவருடைய முதல் பிரெஞ்சு ஆல்பம்தான். 2015-ல் லைட் இன் தி அட்டிக் என்ற அமெரிக்க நிறுவனம் 1962 முதல் 1966 வரையிலான ஐந்து ஆல்பங்களையும் ஒழுங்காக மறுபதிப்பு செய்தது. அறுபதுகளுக்கு அந்த ஐந்தையும் அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள்.

இனி வரிசை. 1962-லிருந்து ஆண்டுவாரியாகக் கேட்க வேண்டாம். முதல் ரெக்கார்டுகளில் இசைக்குழு ஒல்லியானது, தாளம் தட்டையானது. ஆர்டியே பின்னாளில் அந்தப் பதிவுகளைப் பற்றி நல்ல வார்த்தை சொன்னதில்லை. கம்பெனி அப்போது நம்பியிருந்த பாட்டும் வேறு. 'ஓ ஓ ஷெரி'யைத்தான் தூக்கிவிடப் பார்த்தார்கள். 1962 அக்டோபர் 28 அன்று, பிரெஞ்சு ஜனாதிபதியை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பது பற்றிய வாக்கெடுப்பின் முடிவுக்காக நாடே தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்தது. இடைவேளையில் 'தூ லே கார்ஸோன்' ஒளிபரப்பானது. அதன்பின் கம்பெனி சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

1964-ல் லண்டனுக்குப் போய்ப் பதிவு செய்யத் தொடங்குகிறார், சார்லஸ் பிளாக்வெல்லின் இசைக்கோர்ப்பில். வித்தியாசம் காதுக்கு உடனே தெரியும். 'தூ லே கார்ஸோன்' கேட்டுவிட்டு அடுத்ததாக 'ஜ நத்தான் ப்ளூ பெர்ஸொன்' போடுங்கள். ஃபஸ் கிடார், அதாவது ஒலியை வேண்டுமென்றே கரகரப்பாக்கிய மின்கிடார், ரம்பம்போல அறுத்துக்கொண்டு வரும். குரல் மட்டும் அதே நிதானத்தில் இருக்கும். அந்த 1964 ஆல்பம், 'மொன் அமி லா ரோஸ்', உங்களுடைய முதல் நிறுத்தம்.

இரண்டாவது நிறுத்தத்துக்குத் தாவிப் போக வேண்டும்: 1971, 'லா கெஸ்தியோன்'. என் கணக்கில் அவருடைய ஆல்பங்களிலேயே தலைசிறந்தது இதுதான். வோக்கை விட்டு வெளியேறி, சொந்தமாகத் தயாரித்தபோது வந்தது. டூக்கா என்ற பிரேசில் கிடார்க்காரியோடு உட்கார்ந்து செய்தது. நைலான் கம்பி கிடார், டபுள் பேஸ், பிற்பாடு மேலே சேர்த்த வயலின்கள், அவ்வளவுதான். டிரம்ஸ் கிட்டத்தட்ட இல்லை. வாயை மைக்கோடு ஒட்டிவைத்துப் பாடியதால் மூச்சு இழுப்பது, உதடு பிரிவது எல்லாம் விழும். முதல் தடவை கேட்டால் ஏமாற்றமாக இருக்கும், படத்தில் கேட்ட துள்ளல் இதில் கிடையாது. வந்தபோது பிரான்சிலேயே சரியாக விற்கவில்லை. ஹெட்போனில், சத்தத்தைக் குறைத்து, பன்னிரண்டு பாட்டையும் வரிசை மாறாமல் கேளுங்கள். ஷஃபிளை அணைத்துவிட மறக்காதீர்கள். ஒரு பாட்டு முடியும் மனநிலையிலிருந்துதான் அடுத்தது தொடங்குகிறது.

பிறகு 1968-ன் 'கொமான் த தீர் அத்யூ', 1973-ன் 'மெஸாஜ் பெர்ஸொனெல்'. பின்னதில் தலைப்புப் பாட்டின் முதல் பாதி பேச்சு, பிற்பாதி பாட்டு. பேச்சை எழுதியவர் ஆர்டி, பாட்டு மிஷேல் பெர்ஜே. எண்பதுகளை இப்போதைக்கு விட்டுவிடலாம். அந்தக் காலத்து சிந்தசைசர் பிடித்தவர்களுக்கு மட்டும். 1996-ன் 'ல தான்ஜே'யில் மின்கிடார்களின் இரைச்சலுக்கு நடுவே ஐம்பது வயதுக் குரல் கேட்கும். அதற்கு முந்தைய ஆண்டு பிளர் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவோடும் பாடியிருக்கிறார். 'மிகச் சிறந்தவை' தொகுப்பு எதுவும் வாங்காதீர்கள்.

மொழிக்கு வருகிறேன். பொருளுக்கு முன்னால் ஒலியைப் பிடியுங்கள். பிரெஞ்சைப் புதிதாகக் கேட்பவர்கள் திணறுவது மூக்கொலி உயிர்களில். ஜெர்மன்காரர்களும் ஆங்கிலேயர்களும் அங்கே ஒரு 'ங்' சேர்த்துவிடுவார்கள். நமக்கு அந்தத் தொல்லை இல்லை. 'மரம்', 'பணம்' என்று எழுதுகிறோம், பேச்சில் கடைசியில் உதடு மூடுவதில்லை. 'மரோ' என்பதுபோல உயிர் மூக்குவழியாகப் போய் முடிகிறது. 'கார்ஸோன்' என்று நான் எழுதும் சொல்லின் முடிவும் ஏறக்குறைய அதுதான். 'ன்' என்று நாக்கு மேலே தொடக்கூடாது. இதைத் தெரிந்துகொண்டு அந்தப் பாட்டை இன்னொரு முறை ஓடவிடுங்கள், சொற்கள் பிரிந்து கேட்கத் தொடங்கும். அடுத்தது, பேச்சில் விழுங்கப்படும் சொல்லிறுதி 'அ' பாட்டில் மெட்டு கேட்டால் தனி அசையாக உயிர்த்துவிடும். எழுத்தைப் பார்த்துக்கொண்டு கேட்கும்போது அசைக்கணக்கு இடிப்பது இதனால்தான்.

ஒரு பாட்டை மட்டும் சொல் சொல்லாகப் பிரிப்பதென்றால் 'கொமான் த தீர் அத்யூ'வை எடுங்கள். மூலம் 'இட் ஹர்ட்ஸ் டு ஸே குட்பை' என்ற ஆங்கிலப் பாட்டு. பிரெஞ்சு வரிகள் செர்ஜ் கேன்ஸ்பூர் எழுதியவை. இதில் வேடிக்கை இயைபில் இருக்கிறது. வரி முடிவுகளில் 'எக்ஸ்' என்ற ஒலி வந்து விழுந்துகொண்டே இருக்க வேண்டும் என்று அவர் தீர்மானித்துவிட்டார். ரெஃப்ளெக்ஸ் வருகிறது. பிரிவுத்துயர்ப் பாட்டில் அடுப்படிக் கண்ணாடியான பைரெக்ஸ் வருகிறது. கண்ணீர் துடைக்க க்ளீனெக்ஸ். அதுவும் போதாதபோது 'விளக்கு' என்று பொருள்படும் 'எக்ஸ்ப்ளிக்' என்ற வினையை நடுவில் ஒடித்து, 'எக்ஸ்' ஒரு வரியிலும் 'ப்ளிக்' அடுத்த வரியிலும் போடுகிறார். வகையுளி நம் யாப்பில் மரபுதான், ஆனால் இங்கே ஒடித்தது இயைபுக்காக. அந்த இடத்தில் ஆர்டி சிரிக்காமல், இழுக்காமல், கச்சிதமாக வெட்டிப் பாடுகிறார். பாட்டு சோகமா கேலியா என்று கடைசிவரை சொல்ல முடியாமல் போவது அதனால்தான். மொழிபெயர்ப்பைத் திறந்து வைத்தால் இது எதுவும் தெரியாது. வரிகளை எழுத்தில் வைத்துக்கொண்டு 'எக்ஸ்' வருமிடங்களைப் பென்சிலால் வட்டமிட்டுக் கேளுங்கள்.

'பீட்டர் உண்ட் லூ' அவர் குரலேதான், டப்பிங் இல்லை. 'தூ லே கார்ஸோன்' மெட்டுக்கு ஜெர்மன் வரிகள். அதே மெட்டு இத்தாலியனில் 'க்வெல்லி தெல்லா மியா எத்தா', ஆங்கிலத்தில் 'ஃபைண்ட் மீ எ பாய்'. அந்நாளில் ஐரோப்பியக் கம்பெனிகளின் வழக்கம் அது. வெளிநாட்டில் விற்க வேண்டுமானால் பாடகர் அந்தந்த மொழியில் திரும்பப் பாட வேண்டும். 1965-ல் 'இன் டாய்ச்லாந்த்' என்று முழு ஜெர்மன் ஆல்பமே போட்டார். 'ஃப்ராக் டென் ஆபென்ட்விண்ட்' அதே ஆண்டின் ஜெர்மன் ஹிட். ஆங்கிலத்தில் 'ஆல் ஓவர் தி வேர்ல்ட்' 1965-ல் பிரிட்டன் பட்டியலில் 16-ஆம் இடம் வரை போனது. ஜெர்மன் பாட்டுகளைக் குறைவாக நினைக்க வேண்டாம். உங்களுக்கு ஜெர்மன் தெரியும் என்பதால், ஒரே மெட்டில் அவர் சொல்லை எங்கே அழுத்துகிறார், எங்கே விட்டுவிடுகிறார் என்று ஒப்பிட்டுப் பார்க்க வசதி.

ரெக்கார்டு வாங்குவது. பிரான்சில் அறுபதுகளின் பிற்பகுதிவரை புழங்கியது இ.பி. எனும் நான்கு பாட்டுச் சிறு தட்டு, நிமிடத்துக்கு 45 சுற்று, பளபளப்பான படஅட்டை. ஜெர்மனியில் கிடைப்பவை பெரும்பாலும் இரண்டு பாட்டு சிங்கிள். இ.பி.யில் ஒரு பக்கத்துக்கு இரண்டு பாட்டை நெருக்கி வெட்டியிருப்பார்கள். உள்வட்டத்துக்குப் போகப் போக ஊசிக்கு அடியில் பள்ளம் நகரும் வேகம் குறையும், தேய்மானம் முதலில் அங்கேதான் காதில் கேட்கும். கடைக்காரர் போட்டுக் காட்டினால் ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டாவது பாட்டைக் கேளுங்கள். 'ஸ்', 'ஷ்' வருமிடத்தில் எண்ணெயில் அப்பளம் போட்டதுபோல் பொரிந்தால் தேய்ந்த தட்டு. கழுவினாலும் போகாது. படத்தில் அந்தப் பிள்ளைகள் வைத்திருந்த மாதிரி சூட்கேஸ் பிளேயர்களின் கனத்த ஊசிதான் இந்தத் தட்டுகளுக்கு எமன். உங்கள் தட்டையும் அதில் போட்டுவிடாதீர்கள்.

இணையத்தில் வாங்கும்போது தட்டுக்கும் அட்டைக்கும் தனித்தனி மதிப்பீடு போட்டிருப்பார்கள். 'வெரி குட்' என்ற சொல்லை நம்பி ஏமாறாதீர்கள், சேகரிப்பாளர் கணக்கில் அது இரைச்சல் நிச்சயம் உண்டு என்று பொருள். கேட்பதற்கென்றால் 'வெரி குட் ப்ளஸ்'ஸுக்குக் கீழே போக வேண்டாம். தட்டை அட்டைக்கு வெளியே எடுத்து, தனி உறையில் வைத்து அனுப்பச் சொல்லி எழுதுங்கள். உள்ளேயே வைத்து அனுப்பினால் தபாலில் குலுங்கி விளிம்பைக் கிழித்துவிடும். அட்டை கிழிந்த இ.பி.க்குப் பாதி மதிப்பு போய்விடும். பிரான்சிலிருந்து கொலோனுக்குச் சுங்கம் இல்லை, பிரிட்டனிலிருந்து வரவழைத்தால் இறக்குமதி வரி உண்டு. எல்லைதாண்டிப் போக முடிந்தால் கோடையில் பிரெஞ்சு ஊர்களில் நடக்கும் 'வீத் க்ரெனியே' சந்தைகளுக்குப் போங்கள். வீட்டுப் பரணைக் காலிசெய்து தெருவில் கடை பரப்பும் நாள் அது. இணைய விலையில் சிறு பங்குக்கு இ.பி.கள் கிடைக்கும், ஆனால் ரெக்கார்டை விளக்கொளியில் சாய்த்துப் பார்த்து எடுக்க வேண்டும். நகத்தில் தட்டும் கீறல் ஊசியிலும் தட்டும்.

கச்சேரிப் பதிவைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். 1968-க்குப் பிறகு அவர் மேடைக் கச்சேரி செய்வதை நிறுத்திவிட்டார். வெளிநாட்டு ரசிகர்களுக்கு மட்டுமல்ல, பாரிஸ்காரர்களுக்கே அவர் ரெக்கார்டிலும் புகைப்படத்திலும்தான் கிடைத்தார். அறுபதுகளின் தொலைக்காட்சித் துண்டுகளை பிரான்சின் தேசிய ஒலி-ஒளி ஆவணக் காப்பகமான ஈனா யூடியூபில் ஏற்றியிருக்கிறது. பெரும்பாலானவற்றில் ரெக்கார்டை ஓடவிட்டு வாயசைக்கிறார், கையிலுள்ள கிடாருக்கு எந்த வயரும் இருக்காது. உடைக்காகவும் கேமராவைப் பார்க்காமல் நிற்கும் விதத்துக்காகவும் பாருங்கள். சுயசரிதை 2008-ல் பிரெஞ்சில் வந்தது, ஆங்கில மொழிபெயர்ப்பு உண்டு. 'லா கெஸ்தியோன்' உருவான நாட்களை அவர் வாயாலேயே தெரிந்துகொள்ள அதைப் படிக்கலாம்.