பில்லி ஹாலிடே: கேளுங்கள், சொல்கிறேன்

ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடே (1915–1959) பற்றி நண்பர்கள் கேட்டவையும் என் பதில்களும்.

கேள்வி: கேட்டுப் பார்த்தேன் சார், சின்னக் குரலாக இருக்கிறது. இவருக்கு ஏன் இவ்வளவு பேர்?

பதில்: சின்னக் குரல்தான். ஒரு ஸ்தாயிக்குக் கொஞ்சம் மேலே எட்டும், அவ்வளவே. அவருடைய சொத்து காலக்கணக்கு. பின்னால் பியானோவும் டிரம்ஸும் தாளம் தவறாமல் ஓடிக்கொண்டிருக்கும். இவர் சொல்லைச் சற்றுப் பிந்திப் போடுவார், அடுத்ததை இன்னும் பிந்தி. தப்பப் போகிறார் என்று நமக்குப் பதறும். வரி முடியும் இடத்தில் பார்த்தால் சாவகாசமாக வந்து நிற்பார். மெட்டையும் எழுதியபடி பாட மாட்டார். ஏறி இறங்குவதை நாலைந்து ஸ்வரத்துக்குள் மடக்கிவிடுவார். 1935 முதல் பியானோ கலைஞர் டெடி வில்சனின் குழுவோடு பதிவானவற்றில் பல சுமாரான பாட்டுகள். இவர் வாயில் வந்தபின் அவை வேறு பாட்டுகள்.

கேள்வி: குரு யார்?

பதில்: யாரும் இல்லை. பால்டிமோரில் வளர்ந்த சிறுமிக்கு லூயி ஆம்ஸ்ட்ராங், பெஸ்ஸி ஸ்மித் இசைத்தட்டுகளே பள்ளிக்கூடம்.

கேள்வி: ‘ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்’ பற்றிச் சொல்லுங்களேன்.

பதில்: கறுப்பின மக்களைக் கும்பலாகக் கொன்று மரத்தில் தொங்கவிட்ட கொடுமையைச் சொல்லும் பாட்டு. எழுதியவர் ஏபல் மீரோபோல் என்ற பள்ளி ஆசிரியர். 1939இல் நியூயார்க்கின் கஃபே சொசைட்டி என்ற இரவு கிளப்பில் பில்லி பாடினார். நிகழ்ச்சியின் கடைசிப் பாட்டு அதுதான். பரிமாறுவது நிற்கும், விளக்குகள் அணையும், முகத்தில் மட்டும் வெளிச்சம். முடிந்தால் முடிந்தது, ‘ஒன்ஸ் மோர்’ கிடையாது. கொலம்பியா கம்பெனி பதிவு செய்ய மறுக்க, கமடோர் என்ற சிறிய கம்பெனி வெளியிட்டது.

கேள்வி: போதைதானே அவரை அழித்தது?

பதில்: பழக்கம் இருந்தது, மறுக்கவில்லை. 1947இல் சிறைக்குப் போனார். அடுத்த ஆண்டே நியூயார்க்கின் புகழ்பெற்ற இசையரங்கமான கார்னகி ஹாலை நிறைத்தார். ஆனால் அந்நாளில் நியூயார்க்கில் மது விற்கும் கிளப்புகளில் பாட உரிம அட்டை வேண்டியிருந்தது. அது அவருக்கு மறுக்கப்பட்டது. பிழைப்பே அங்கேதான் இருந்தது! 1959இல் மருத்துவமனைப் படுக்கையில் வைத்தே கைது செய்தார்கள். அங்கேயே இறந்தார், வயது 44. இதையெல்லாம் விட்டுவிட்டுப் பழக்கத்தை மட்டும் பேசுவது எனக்கு உடன்பாடில்லை.

கேள்வி: எதில் தொடங்கலாம்?

பதில்: 1957இல் தொலைக்காட்சிக்காகப் பாடிய ‘ஃபைன் அண்ட் மெல்லோ’. அவருக்கு ‘லேடி டே’ என்று பெயர் வைத்த லெஸ்டர் யங் எழுந்து சாக்ஸபோன் வாசிப்பார். அப்போது பில்லியின் முகத்தைப் பாருங்கள்.