ஜப்பானுக்குத் திரும்புகிறவர்களின் முகவரிப் பதிவு: வாசகர் கேள்வி பதில்

ஜப்பானில் வேலை நிமித்தம் குடியிருந்து, சில காலம் ஊரில் தங்கிவிட்டு மறுபடியும் அங்கே திரும்பும் வாசகர்களின் கேள்விகளுக்கு இந்த இதழில் இடமளிக்கிறோம்.

கேள்வி: டோக்கியோவின் நிஷி கசாயில் கணவருடன் குடியிருந்த நான், பிரசவத்துக்காக மதுரையில் உள்ள தாய்வீட்டுக்கு வந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. இதற்கிடையில் கணவர் வேலையின் பொருட்டுக் கவசாகியில் வேறு வீட்டுக்குக் குடிமாறிவிட்டார். வெளிநாட்டவருக்கான வசிப்பு அட்டையான என் ரெசிடென்ஸ் கார்டின் பின்புறத்தில், நிஷி கசாய் அடங்கிய எடோகவா வார்டின் பழைய முகவரியே இருக்கிறது. அடுத்த மாதம் குழந்தையுடன் திரும்புகிறேன். முகவரி மாறியதை விமான நிலையத்திலேயே சொல்லிவிட வேண்டுமா?

பதில்: விமான நிலையத்தில் இருக்கும் குடிவரவு அதிகாரி உங்களை நாட்டுக்குள் அனுமதிப்பவர், முகவரியைப் பதிவு செய்பவர் அல்லர். முகவரிப் பதிவு முழுவதும் நீங்கள் குடியிருக்கும் நகரம் அல்லது வார்டின் அலுவலகத்தைச் சேர்ந்தது. 2012 ஜூலை 9 அன்று பழைய வெளிநாட்டவர் பதிவுச் சட்டம் நீக்கப்பட்டு இப்போதைய முறை வந்தபோது, வெளிநாட்டவரும் ஜப்பானியரைப் போலவே ஜூமின்ஹியோ என்னும் குடியிருப்போர் பதிவேட்டில் சேர்க்கப்பட்டார்கள். அந்த அலுவலகத்தில் ரெசிடென்ஸ் கார்டைக் காட்டி முகவரி மாற்றத்தைப் பதிந்தால், அதுவே குடிவரவுத் துறைக்கும் தெரிவித்ததாகக் கொள்ளப்படும். இரண்டு இடங்களுக்கு அலைய வேண்டியதில்லை.

உங்கள் நிலையில் முதலில் தெரிய வேண்டியது, கணவர் குடிமாறியபோது தம் ஒருவர் பெயரை மட்டும் மாற்றினாரா, குடும்பம் முழுவதையும் சேர்த்து மாற்றினாரா என்பதுதான். கவசாகியில் அவர் இருக்கும் வார்டு அலுவலகத்தில், குடும்ப உறுப்பினர் அனைவரின் பெயரும் வரும்படி ஜூமின்ஹியோ நகல் ஒன்றை இப்போதே வாங்கிப் பார்க்கச் சொல்லுங்கள். அதில் உங்கள் பெயர் இல்லையென்றால், எடோகவா பதிவேட்டில் நீங்கள் இன்னும் பழைய வீட்டில் வசிப்பவராகவே இருக்கக்கூடும். அப்படியானால் முதலில் எடோகவாவிலிருந்து வெளியேறுவதாகத் தெரிவிக்கும் தென்ஷுத்சு அறிவிப்பைக் கொடுத்து, அங்கே தரப்படும் சான்றுடன் கவசாகியில் குடிபுகுந்ததாகத் தெரிவிக்கும் தென்ன்யூ அறிவிப்பைக் கொடுக்க வேண்டும். வெளியேறும் அறிவிப்பை அஞ்சலிலும் அனுப்பலாம். குடிபுகும் அறிவிப்புக்கோ, நேரில்தான் செல்ல வேண்டும். அதுவும் அந்த வீட்டில் வசிக்கத் தொடங்கிய பிறகே ஏற்கப்படும் என்பதால், நீங்கள் ஊரில் இருக்கும்போதே கணவர் அதை முன்கூட்டி முடித்துவைக்க முயல்வது சரியாகாது. வசிக்கத் தொடங்கியதிலிருந்து 14 நாட்களுக்குள் செய்தால் போதும். அவர் ஏற்கெனவே உங்கள் பெயரையும் சேர்த்து மாற்றியிருந்தால், நீங்கள் போய்ச் சேர்ந்ததும் கார்டை எடுத்துச் சென்று, எந்த நாளிலிருந்து அங்கே வசிக்கிறீர்கள் என்பதை உள்ளபடி சொல்லி, பின்புறத்தில் புதிய முகவரியை எழுதி வாங்குங்கள்.

குழந்தைக்கான வழி வேறு. ஜப்பானில் பிறந்திருந்தால், 14 நாட்களுக்குள் நகர அலுவலகத்தில் பிறப்பைப் பதிந்து, 30 நாட்களுக்குள் வசிப்புரிமைக்கு விண்ணப்பித்திருப்பீர்கள். இந்தியாவில் பிறந்ததால், குழந்தை முதன்முறையாக அந்நாட்டுக்குள் நுழையும் புதியவர். வசிப்புரிமைக்குத் தகுதி உண்டு என்று ஜப்பான் குடிவரவுத் துறை முன்கூட்டித் தரும் தகுதிச் சான்றும் விசாவும் பெற்று வர வேண்டும். நரிதா, ஹனேதா போன்ற பெரிய விமான நிலையங்களில் குழந்தைக்கான ரெசிடென்ஸ் கார்டை உடனே கொடுப்பார்கள். அதில் முகவரி இருக்க வேண்டிய இடத்தில் இன்னும் முடிவாகவில்லை என்றே அச்சாகியிருக்கும். அந்த முகவரியையும் 14 நாட்களுக்குள் பதிய வேண்டும். குடும்பத் தலைவர் வெளிநாட்டவராக இருக்கும்போது உறவைக் காட்டும் ஆவணம் கேட்கப்படும் என்பதால், குழந்தையின் பிறப்புச் சான்றையும், மொழிபெயர்த்தவர் பெயர் குறிப்பிட்ட அதன் ஜப்பானிய மொழிபெயர்ப்பையும் கையோடு கொண்டு செல்லுங்கள். மதுரை மாநகராட்சியில் வாங்க வேண்டிய தாளுக்காகக் கவசாகியிலிருந்து உறவினர்களுக்குத் தொலைபேசியில் மன்றாடும் நிலை வராமல், புறப்படும் முன்பே அதை முடித்துவிடுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மறுநுழைவு அனுமதி தனியாகப் பெறாமல், புறப்படும்போது படிவத்தில் திரும்பி வருவதாகக் குறியிட்டு வந்திருந்தால், ஓராண்டுக்குள் திரும்ப வேண்டும். உங்கள் வசிப்புரிமைக் காலம் அந்த ஓராண்டுக்கு முன்பே முடிவதாக இருந்தால், அந்த நாளே உங்களுக்கு எல்லை. இந்தச் சலுகையை வெளிநாட்டில் இருந்துகொண்டு நீட்டிக்க முடியாது. கார்டின் முன்புறத்தில் உள்ள தேதியை இன்றே பாருங்கள்.

கேள்வி: மூன்று வார விடுப்பில் திருநெல்வேலி சென்றுவிட்டு, அதே வீட்டுக்குத் திரும்பினேன். திரும்பியதைத் தெரிவிக்க வேண்டும் என்று நண்பர் அச்சுறுத்துகிறார்.

பதில்: வேண்டியதில்லை. நீங்கள் வீடு மாறவில்லை, பதிவும் அப்படியே இருக்கிறது. நிம்மதியாக இருங்கள்.

கேள்வி: சென்னைக் கிளையில் இரண்டாண்டுப் பணிக்காக அனுப்பப்பட்டேன். புறப்படும்போது மறுநுழைவு அனுமதி பெற்று, வார்டு அலுவலகத்தில் வெளிநாடு செல்வதாகவும் எழுதிக்கொடுத்தேன். இப்போது டோக்கியோவிலேயே வேறொரு வார்டில் குடியேறப் போகிறேன். முதலில் பழைய வார்டுக்குப் போக வேண்டுமா?

பதில்: நீங்கள் முறையாகப் புறப்பட்டிருக்கிறீர்கள். அதனால் திரும்பி வருவதும் எளிது. வெளிநாடு செல்வதாக அறிவித்த அன்றே பழைய வார்டின் பதிவேட்டிலிருந்து உங்கள் பெயர் நீங்கும் ஏற்பாடு ஆகிவிட்டது. ஆகவே அங்கே செய்ய எதுவும் இல்லை. புதிய வீட்டில் வசிக்கத் தொடங்கி 14 நாட்களுக்குள், பாஸ்போர்ட்டையும் ரெசிடென்ஸ் கார்டையும் எடுத்துக்கொண்டு புதிய வார்டு அலுவலகத்துக்கு நேரே சென்று, வெளிநாட்டிலிருந்து குடிபுகுந்ததாகத் தென்ன்யூ அறிவிப்பைக் கொடுங்கள்.

பாஸ்போர்ட்டைக் கேட்பது நீங்கள் நாட்டுக்குள் வந்த நாளை உறுதி செய்வதற்காக. தானியங்கி வாயில் வழியாக வெளியே வந்தால் அதில் முத்திரை விழாது. வாயிலைக் கடந்ததும் அருகில் இருக்கும் அதிகாரியிடம் கேட்டு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். நீண்ட பயணக் களைப்பில் மறந்துவிடக்கூடிய இந்தச் சிறிய வேலையைச் செய்யாததால் கவுன்ட்டரில் தடுமாறுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஜப்பானில் வசிக்கும் ஒவ்வொருவருக்கும் தரப்படும் அடையாள எண்ணான உங்கள் மை நம்பர் மாறாது. பழைய எண்ணே வாழ்நாள் முழுவதும் உங்களுடையது. ஆனால் வெளிநாடு செல்லும்போது செல்லாததாகிவிட்ட மை நம்பர் கார்டுக்குப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். நிறுவனத்தின் மருத்துவக் காப்பீட்டில் இல்லாதவர்கள் தேசிய மருத்துவக் காப்பீட்டையும் அதே நாளில், அதே கட்டடத்தில் பதிந்துவிடலாம். குடியிருப்பு வரியைப் பொறுத்தவரை, ஜனவரி 1 அன்று நீங்கள் எங்கே வசித்தீர்கள் என்பதே கணக்கு. முந்தைய ஆண்டின் வருமானத்துக்கு அந்த நகரமே வரி விதிக்கும். வரிக்கு அஞ்சிக் குடிபுகுந்த நாளைத் தள்ளி எழுதத் தோன்றினால், அந்த எண்ணத்தை அங்கேயே விட்டுவிடுங்கள்; நீங்கள் வந்த நாள் குடிவரவுத் துறையிடம் பதிவாகியிருக்கிறது.

கேள்வி: ஊரிலிருந்து திரும்பியபோது என் வாடகை ஒப்பந்தம் முடிந்திருந்தது. நண்பரின் அறையிலும் மாத வாடகை விடுதியிலுமாக இரண்டரை மாதங்கள் ஓடிவிட்டன. பழைய முகவரியே கார்டில் இருக்கிறது. இப்போது அலுவலகத்துக்குப் போனால் பிடித்துக்கொள்வார்களோ என்று பயமாக இருக்கிறது. நண்பரின் முகவரியை எழுதிவிட்டால் என்ன?

பதில்: உங்கள் பயம் புரிகிறது. ஆயினும், அந்தப் பயத்தினாலேயே நாட்களைக் கடத்துவதுதான் உங்களுக்கு உண்மையான ஆபத்து. சட்டம் இரண்டு எல்லைகளை வைத்திருக்கிறது. வீடு மாறி 14 நாட்களுக்குள் தெரிவிக்காவிட்டால் 2 லட்சம் யென் வரை அபராதம் விதிக்க இடம் உண்டு. பதிவான வீட்டை விட்டு நீங்கிய பின் 90 நாட்களுக்குள் புதிய வீட்டைத் தெரிவிக்காவிட்டால், வசிப்புரிமையையே ரத்து செய்வதற்கு அது ஒரு காரணமாகலாம். தக்க காரணம் இருந்தால் விலக்கு உண்டு என்பதும், ரத்து செய்யும் முன் உங்கள் தரப்பைக் கேட்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கின்றன. நீங்கள் இரண்டாவது எல்லையை நெருங்கிக்கொண்டிருக்கிறீர்கள். ஆகவே இந்த வாரமே, வேலைக்கு அரை நாள் விடுப்பு எடுத்தாவது, இப்போது உண்மையில் வசிக்கும் இடம் எந்த அலுவலகத்தின் எல்லைக்குள் வருகிறதோ அங்கே செல்லுங்கள். தாமதத்துக்கான காரணத்தை எழுதித் தரச் சொன்னால் நடந்ததை நடந்தபடி எழுதுங்கள்.

நண்பர் வீட்டில் உண்மையாகவே வசிக்கிறீர்கள் என்றால், அவர் சம்மதத்துடன் அதைப் பதிவது தவறில்லை. வசிக்காத இடத்தை வசிப்பதாக எழுதுவது தாமதத்தைவிடப் பெரிய குற்றம். அதற்குச் சிறைத்தண்டனை வரை வழியிருக்கிறது. பின்னாளில் நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கும்போது, வரி, ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு ஆகியவற்றோடு இந்த அறிவிப்புகளையும் உரிய காலத்தில் செய்தீர்களா என்று பார்ப்பார்கள்.

ஊரிலிருந்து திரும்பியதும் வேலையும் மாறியிருக்கிறது என்றால், அதை நகர அலுவலகம் ஏற்காது. நிறுவனம் மாறியதைக் குடிவரவுத் துறைக்கு நீங்களே 14 நாட்களுக்குள் தனியாகத் தெரிவிக்க வேண்டும். இணையம் வழியாகவும் செய்யலாம்.