சந்தைச் சேவலும் பங்குனிக் கழிச்சலும்

கேள்வி: டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். தாராபுரம் பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் கிணற்றுப் பாசனம். மாசியில் எள் விதைத்திருக்கிறோம். ஒரு மாடு, நாலு வெள்ளாடு, முப்பது நாட்டுக்கோழி. கோயில் நோம்பிக்குச் சந்தையில் இரண்டு சேவல் வாங்கி வந்து, ஒரு வாரம் வாசலில் கட்டி வைத்திருந்து வெட்டினோம். நோம்பி முடிந்த கையோடு எங்கள் கோழிகள் ஒவ்வொன்றாகச் சாகின்றன. இதுவரை பதினொன்று போய்விட்டது. பச்சையும் வெள்ளையுமாகக் கழிகிறது, இரண்டு கோழிக்குக் கழுத்து திருகிக்கொண்டது. வெயில் காரணமா, மருந்து கலந்த எள் விதையைக் கொத்தியதாலா? கடையில் இரண்டு பவுடர் கொடுத்தார்கள், கேட்கவில்லை. வேறு நல்ல டானிக் சொல்லுங்கள். ஒரு கோழி அடையில் இருக்கிறது, அதை என்ன செய்வது? மிச்சத்தைச் சந்தையில் தள்ளிவிடலாம் என்கிறார் மாமியார்.

பதில்: அம்மணி, வெயில் இல்லை, எள்ளும் இல்லை. வெயில் தாங்காத கோழி இறக்கையைத் தூக்கி, வாயைத் திறந்து மூச்சு வாங்கும். பெரும்பாலும் உச்சி வெயிலுக்குப் பின்தான் சாகும். விதை மருந்து என்றால் தின்றவை எல்லாம் ஒன்றிரண்டு நாளில் சேர்ந்தாற்போல் விழுந்திருக்கும். மாசியில் விதைத்த எள் இந்நேரம் செடியாகி நிற்கும், மண்ணில் விதை ஏது?

பச்சை வெள்ளைக் கழிச்சல், கழுத்துத் திருகல், ஒன்றன்பின் ஒன்றாகச் சாவு: நீங்கள் சொல்வதெல்லாம் ராணிக்கெட் என்கிற வெள்ளைக் கழிச்சலைத்தான் காட்டுகிறது. ஆனாலும் கடிதத்தை வைத்து முடிவு கட்டக்கூடாது. அடுத்து ஒன்று செத்தால் வீட்டில் அறுக்காதீர்கள். பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி, அன்றைக்கே கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு போங்கள். இரைப்பையின் உள்பக்கச் சுரப்பி முனைகளில் ரத்தப் புள்ளி இருக்கிறதா என்று அறுத்துப் பார்ப்பார்கள். இத்தனை கோழி சாகும்போது பறவைக் காய்ச்சல் இல்லை என்றும் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த நோம்பிச் சேவல்தான் எனக்கு உறுத்துகிறது. கிருமி ஏறிய கோழி நோயைக் காட்டப் பொதுவாக ஐந்தாறு நாள் ஆகும், சிலதில் இரண்டு வாரம்கூட ஆகும். சந்தையில் கொண்டை சிவந்து நிற்பதைப் பார்த்து ஏமாறக்கூடாது. வாசலில் கட்டியிருந்தபோது உங்கள் கோழிகளும் அதே தண்ணீரைத்தான் குடித்திருக்கும். வெட்டிய பிறகு குடலையும் இறகையும் எங்கே போட்டீர்கள்? குப்பைக்குழியில் என்றால், அங்கே முதலில் போய்க் கிளறியது உங்கள் கோழிகள்தான். மாசி, பங்குனியில் நம் ஊர்களில் கழிச்சல் சுற்றுவதற்கு வெயிலை மட்டும் பழி சொல்கிறோம். கோயில் விசேஷங்களுக்குக் கோழி ஊர் விட்டு ஊர் போகிற காலமும் இதுதான்.

அதனால்தான் சொல்கிறேன், மாமியார் பேச்சை இந்த ஒரு விஷயத்தில் கேட்காதீர்கள். உங்களுக்கு நோய் எப்படி வந்ததோ அப்படியே இன்னொரு வீட்டுக்குப் போகும். செத்ததை ஓடையில் வீசவும் வேண்டாம், நாய்க்குப் போடவும் வேண்டாம். மூன்றடி ஆழத்தில் குழி எடுத்து, சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். கழிகிற கோழியைத் தனியாக அடையுங்கள். நல்ல கோழிக்குத் தீனி வைத்த பிறகுதான் நோய்க்கோழிப் பக்கம் போக வேண்டும்.

டானிக் கேட்டீர்கள். வைரஸால் வரும் நோயை எந்த டானிக்கும் தீர்க்காது. கடைக்காரர் கொடுத்த பவுடரில் ஒன்று அநேகமாக ஆன்டிபயாடிக், அது வைரஸைத் தொடாது. கோழியைப் பார்க்காமல், எத்தனை நாளாகக் கழிகிறது என்றுகூடக் கேட்காமல், அலமாரியில் தீராமல் கிடப்பதை எடுத்து நீட்டுவது வைத்தியம் ஆகாது, வியாபாரம். சீரகம், மிளகு, மஞ்சள், சின்ன வெங்காயம், கீழாநெல்லி அரைத்து உருட்டிக் கொடுப்பார்கள். கொடுங்கள், கெடுதல் இல்லை. தீனி எடுக்கிற கோழிக்குத் தெம்பு தரும். அதை நம்பித் தடுப்பூசியை விட்டுவிடாதீர்கள்.

அடைக்கோழி நன்றாக இருந்தால் கலைக்க வேண்டாம், இருக்கிற இடத்திலேயே விடுங்கள். அது கழிய ஆரம்பித்தால் அதைத் தனியாக அடைத்துவிட்டு, முட்டைகளைப் புதைத்துவிடுங்கள். குஞ்சு பொரித்தால் ஏழாம் நாள் லசோட்டா என்கிற கழிச்சல் தடுப்பு மருந்து, கண்ணில் ஒரு சொட்டு.

இனி நீங்கள் கேட்காததற்கு வருகிறேன். முப்பது கோழியில் ஒன்றுக்காவது ஊசி போட்டிருக்கிறீர்களா? கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. எட்டு வாரம் ஆன கோழிக்கு இறக்கைக்கு அடியில், தோலுக்குக் கீழே அரை மில்லி ஆர்2பி என்கிற கழிச்சல் தடுப்பூசி. அதன்பின் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. இவ்வளவுதான். பின் ஏன் யாரும் போடுவதில்லை? மருந்து வருகிற விதம்தான் காரணம். ஒரு சீசாவில் 100 கோழிக்கானது இருக்கும். கரைத்துவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும், மிச்சத்தை நாளைக்கு வைக்க முடியாது. இருபது முப்பது கோழி வைத்திருப்பவர் தனியாக வாங்கினால் முக்கால் சீசா மண்ணுக்கு. அதனால் 'அப்புறம் பார்க்கலாம்' என்று தள்ளிப்போகிறது.

புறக்கடைக் கோழிக்கு வீட்டுக்கு வீடு தனியாக ஊசி போடுவதில் பலன் குறைவு, தெரு மொத்தத்துக்கும் ஒரே நாளில் போட வேண்டும். இதைச் சொல்லாமல் நான் எந்தக் கோழிக் கேள்விக்கும் பதில் எழுதுவதில்லை. உங்கள் கோழிக்கு வேலி தெரியாது. நீங்கள் மட்டும் போட்டு, அடுத்த வீட்டில் போடாமல் விட்டால் கிருமி அங்கே உட்கார்ந்துகொண்டு, உங்கள் வீட்டில் புதிதாகப் பொரிக்கிற ஒவ்வொரு ஈட்டுக் குஞ்சையும் தேடி வரும். நாலைந்து வீட்டுக் கோழியைச் சேர்த்தால் ஒரு சீசா சரியாகத் தீரும், செலவும் பிரிந்துபோகும்.

நேரம் விடியற்காலை, கோழி பஞ்சாரத்தை விட்டு இறங்குவதற்கு முன். விடிந்துவிட்டால் பாதிக் கோழி மரத்தின் மேல் இருக்கும். ஒருவர் பிடித்துக் கொடுக்க, ஒருவர் ஊசி போட, ஒரு பிள்ளை எண்ணிக்கை குறிக்கட்டும். ஒரு வாரத்துக்கு முன்பே எல்லா வீட்டிலும் கோழிக்குக் குடல்பூச்சி மருந்து கொடுத்திருக்க வேண்டும், வயிற்றில் பூச்சி இருந்தால் ஊசி சரியாகப் பிடிக்காது.

சீசாவை வாங்கும்போது கடைக்காரரின் குளிர்பெட்டியைப் பாருங்கள். ராத்திரி கரண்ட் மிச்சம் பிடிக்க அணைத்து வைக்கிற கடை இருக்கிறது, குளிர்பானத்தோடு சேர்த்து வைத்து நூறு தடவை திறந்து மூடுகிற கடையும் இருக்கிறது. இந்த மருந்து உயிருள்ள கிருமி, சூடு பட்டால் செத்துப்போகும். செத்த மருந்தைப் போட்டுவிட்டு 'ஊசி போட்டும் செத்துப்போச்சே' என்று தடுப்பூசியைக் குறை சொல்கிறோம். ஐஸ் போட்ட பிளாஸ்க் இல்லாமல் கடைக்குப் போகாதீர்கள். பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தால் வாங்காமல் திரும்பி வந்துவிடுங்கள்.

காசும் அவசியமில்லை. கால்நடை பராமரிப்புத் துறை ஆண்டுதோறும், பெரும்பாலும் பிப்ரவரி முதல் இரண்டு வாரம், கழிச்சலுக்கு இலவச முகாம் நடத்துகிறது. முகாமைத் தவற விட்டவர்கள் மருந்தகத்தில் எந்தக் கிழமை போடுகிறார்கள் என்று கேட்டுக்கொள்ளலாம்.

ஆனால் இப்போதே ஓடிப்போய் ஆர்2பி போட்டுவிடாதீர்கள். கிருமி ஏறியிருக்கிற கோழிக்கு அது தாங்காது. நன்றாக இருக்கிறவற்றுக்கு லசோட்டா கொடுக்கலாமா என்று மருத்துவர் நேரில் பார்த்துச் சொல்லட்டும், மருந்தகம் தூரம் என்றால் கால்நடை உதவி எண் 1962-க்குக் கூப்பிடுங்கள். கடைசிச் சாவிலிருந்து மூன்று வாரம் புதுக்கோழி எதுவும் வீட்டுக்குள் வரக்கூடாது. அந்த மூன்று வாரத்தில் பஞ்சாரத்தை வெயிலில் காயப் போடுங்கள், தரையில் மேல்மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பு போடுங்கள். அப்படியே தெருவில் யார் வீட்டில் எத்தனை கோழி என்று ஒரு தாளில் எழுதி வாங்கி, உங்கள் மருந்தகத்தில் கொடுத்து நாள் கேளுங்கள்.